வெள்ளத்தில் போன அரச சொத்து: திறைசேரிச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

நான் அரச களஞ்சியங்களிலும் கணக்குக் கிளைகளிலும் வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஊர் மட்டக்களப்பு. அரச சொத்து தொலைந்தாலோ சேதமடைந்தாலோ என்ன செய்ய வேண்டும் என்று இலங்கை அரசின் நிதிப் பிரமாணத்தில் 102 முதல் 110 வரை எழுதி வைத்திருக்கிறது அல்லவா, அந்தப் பகுதியைப் பற்றித்தான் இந்த மடல். அதை வகுத்தவர்களின் கண்முன்னே திருட்டும் கையாடலும் வாகன விபத்தும் இருந்திருக்கின்றன. வெள்ளம் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், பொருளைக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பெடுத்த ஏதோ ஒரு சாதாரண உத்தியோகத்தர், தண்ணீர் செய்த வேலைக்குத் தான் உட்கார்ந்து விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கரையேறியது. 600க்கும் அதிகமான உயிர்கள் போயின. 25 மாவட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. நேரடிச் சேதம் 4.1 பில்லியன் அமெரிக்க டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அதில் மிகப் பெரிய பங்கு வீதி, பாலம், ரயில்பாதை, நீர்வழங்கல் போன்றவற்றுக்கு. பாலங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பாலம் உடைந்தால் அமைச்சர் வருவார், பொறியியலாளர் வருவார், படம் எடுப்பார்கள், மதிப்பீடு தயாராகிவிடும். அங்கே பாலம் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. என் கவலையெல்லாம் அலுமாரி, கதிரை, போட்டோக்கொப்பி மெசின், மருந்து வைக்கும் குளிர்சாதனப் பெட்டி, நீர்ப்பம்பி, கோவைக் கட்டு என்று சின்னச் சின்னதாகப் போனவற்றைப் பற்றியது. கணக்கில் இவற்றின் பெறுமதி சிறிது. இவற்றால் அலைக்கழிபவர்களோ நிறையப் பேர்.

பிரமாணம் சொல்வதை வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தன் தாமதம், கவனயீனம், தவறு, மோசடி ஆகியவற்றால் அரசுக்கு நட்டம் வந்தால் அந்த உத்தியோகத்தரே அதற்குப் பொறுப்பு, அவரே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 102. இழப்பு தெரிந்தவுடன் மேலிடத்துக்கு அறிவிக்கச் சொல்கிறது 103. உடனே விசாரணை வைத்து, எவ்வளவு போனது, ஏன் போனது, யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்கிறது 104. ஏழு நாளில் முழு அறிக்கை தர முடியாவிட்டால் ஆரம்ப அறிக்கை; மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கை; அதன் நகல் ஒன்று கணக்காய்வாளர் நாயகத்துக்கு. பிறகு 109இன் கீழ் பதிவழிப்பு, அதாவது போனதைக் கணக்கிலிருந்து நீக்குவது. இதற்கிடையில் எல்லாம் 110இன் கீழுள்ள இழப்புப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ஒரு மோட்டார் சைக்கிள் களவுபோனால் இந்த ஒழுங்கு அருமையாக வேலை செய்யும். அதில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

இனி, தண்ணீர் வடிந்த மறுநாள் ஒரு அலுவலகத்தைத் திறந்து பாருங்கள். சிப்போர்ட் மேசைகள் ஊதி மேல்தகடு கழன்று கிடக்கும். இரும்பு அலுமாரி திறபடாது. உள்ளே கோவைகள் நனைந்து பருத்துக் கதவை இறுக்கிப் பிடித்திருக்கும், அலவாங்கு போட்டுத்தான் நெம்ப வேண்டும். அந்த அறையில் என்னென்ன இருந்தன என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பட்டியலில் நாலு மூலைப் பின்களும் கொஞ்சம் கூழும் மிஞ்சியிருக்கும். பொருட்பட்டியல் புத்தகமோ திறபடாத அதே அலுமாரிக்குள். வாசலில் சனம் நிற்கிறது. நிவாரணப் படிவம் கேட்கிறார்கள். பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சேற்றை வாரிக் கொட்ட வேண்டும்.

அந்த நேரத்தில் பொறுப்பாளருக்கு முன்னால் இரண்டு வழி. விசாரணைக் குழு வந்து பார்க்கும்வரை எதையும் அசைக்காமல் வைப்பது ஒன்று. எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிட்டு அலுவலகத்தை நடத்துவது மற்றது. எறிந்தால், ஆறு மாதம் கழித்து ஓடிட்காரர் வந்து "பொருள் எங்கே?" என்பார். பூஞ்சணம் பிடித்த மெத்தையை யார்தான் வைத்திருப்பார்கள் என்ற பதில் செல்லாது. ஆகவே வைத்திருக்கிறார்கள். பாதி அரச கட்டடங்களின் பின்னறை ஏன் திறக்கவே முடியாமல் கிடக்கிறது என்று யாராவது யோசித்ததுண்டா? பதிவழிப்பு வந்து சேராத, பாவிக்கவும் ஏலாத, எறியவும் பயமான பொருட்கள்தான் அங்கே. 2011 ஜனவரி வெள்ளத்தில் நனைந்த சாமான் சிலவற்றை, இடமாற்றமாகிப் போய்ப் பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோதும் அதே மூலையில் கண்டேன். றாக்கையின் கால் துருப்பிடித்து முறிந்திருந்தது. தொங்கவிட்ட அட்டையில் இலக்கம் மட்டும் தெளிவாக இருந்தது.

அதே வெள்ளத்தில் நடந்த இன்னொன்று. எங்கள் களஞ்சியப் பொறுப்பாளரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இரவில் தண்ணீர் ஏற ஏற, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தஞ்சமடைந்த சனத்துக்கு அக்கா களஞ்சியத்திலிருந்து தறப்பாள் எடுத்துக் கொடுத்தார். பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து வாங்குகிற நேரமா அது? லாம்பு வெளிச்சத்தில் ஒரு கொப்பித்தாளில் தலைகளை எண்ணிக் குறித்தார், அவ்வளவுதான். மிச்சத் தறப்பாள் வெள்ளத்தோடு போனது. பிறகு வந்த விசாரணையில், தண்ணீர் கொண்டுபோனது எத்தனை, கொடுத்தது எத்தனை என்று பிரித்துக் காட்டச் சொன்னார்கள். கொடுத்ததற்கு வவுச்சர் இல்லை. போனதற்குச் சாட்சி இல்லை. களவுக்குக் கேட்கிற கேள்விகளையே அக்காவிடமும் கேட்டார்கள்: கதவு பூட்டியிருந்ததா, திறப்பு யாரிடம், தடுக்க நீங்கள் எடுத்த நடவடிக்கை என்ன? அவர் ஒரு சதமும் கட்ட வேண்டி வரவில்லை, உண்மை. ஆனால் கோவை மூடப்படாததால், இடமாற்றம் கிடைத்தும் களஞ்சியத்தைப் பாரம் கொடுக்க முடியவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் குறைவுள்ள இருப்பைக் கையெழுத்துப் போட்டு எடுக்க மறுத்தார். அவரையும் குற்றம் சொல்ல ஏலாது, நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன்.

ஓய்வுபெறும் வயதில் இப்படி ஒரு கோவை திறந்து கிடந்தால் சங்கடம் இன்னும் பெரிது. ஓய்வூதியக் கோவை நகர முன்னர், அரசுக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை என்று யாராவது எழுதித் தர வேண்டும். விசாரணை முடியாத நிலையில் அதை எழுத எவருக்கும் கை வராது.

ஐயா, இதே அரசு டித்வாவுக்குப் பிறகு சனத்தின் வீடுகளைச் சுத்தம் செய்ய 25,000 ரூபா கொடுத்தது. தண்ணீர் புகுந்த வீடு என்று கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்தியதன் பேரில் கொடுத்தது. அதில் கள்ளம் நடந்திருக்கலாம், விடுபட்டவர்களும் இருக்கலாம். இருந்தாலும் அவசரம் புரிந்து, நம்பி, விரைவாகச் செய்ய முடிவெடுத்தார்கள். ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று ஒரு கிராம அலுவலர் எழுதினால் திறைசேரி காசு விடுகிறது. அதே கிராம அலுவலரின் சொந்த அலுவலக மேசை நனைந்தது என்று அவர் எழுதினால் மூன்று பேர் கொண்ட குழு வர வேண்டியிருக்கிறது.

இதில் பொலிஸ் முறைப்பாடு வேறு. வெள்ளத்துக்கு யார் மேல் முறைப்பாடு போடுவது என்று பொலிசாரும் தலையைச் சொறிவார்கள். கோவையில் ஒரு பதிவின் பிரதி இருக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதால் எல்லாரும் போகிறார்கள். விபத்துக்கும் களவுக்கும் பொலிஸ் பதிவு வேண்டும்தான். முழு மாவட்டமும் தண்ணீரில் கிடந்ததற்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிக்கையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்டப் பதிவும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழையளவும் இருக்கின்றன. அவற்றை மாவட்டச் செயலாளர் ஒருமுறை சான்றுப்படுத்திக் கொடுத்தால், அந்த மாவட்டத்தின் அத்தனை இழப்புக் கோவைகளுக்கும் காரணம் நிரூபணமாகிவிடும். ஒவ்வொரு கதிரைக்கும் தனித்தனியாகக் காரணம் எழுத வேண்டியதில்லை.

விசாரணையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். களஞ்சியத்தில் வேலை செய்தவனுக்குத் தெரியும்: வெள்ளம் வந்தால் சிலருக்குக் கொண்டாட்டம். வெள்ளத்துக்கு இரண்டு வருடம் முன்னமே காணாமல்போன ஜெனரேட்டர் அன்றைக்குத்தான் அடித்துச் செல்லப்படும். இருப்பில் ஏற்கெனவே குறைவாக இருந்த அலவாங்குகள் எல்லாம் நீந்திப் போகும். இரும்பு அலவாங்கு எப்படி மிதந்தது என்று கேட்ட ஒரு கணக்காய்வு உத்தியோகத்தரை எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் சட்டம் இப்படியானவர்களுக்குத்தான். ஆனால் இவர்களைப் பிடிக்க ஒரு சாதனம்தான் உண்டு. வெள்ளத்துக்குச் சற்று முன்னர் எண்ணிய, நம்பத்தக்க ஒரு கணக்கு. அது நம்மிடம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்த மடலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பு டிசம்பர் 31ஐ வைத்து நடக்கிறது. சபை நியமித்து, எண்ணி, அறிக்கை எழுதி முடிக்கப் புது வருடத்தில் சில மாதங்கள் போய்விடும். எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை நிற்கும். ஆக, கிழக்கிலும் வடக்கிலும் வெள்ளம் வருகிற நாளில், கடைசியாக எண்ணிய கணக்குக்கு ஏறக்குறைய ஒரு வயது ஆகியிருக்கும். திகதிகளைப் பாருங்கள். சுனாமி 2004 டிசம்பர் 26. மட்டக்களப்பை மூழ்கடித்த பெருவெள்ளம் 2011 ஜனவரி. கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளம் 2018 டிசம்பர். டித்வா 2025 நவம்பர் கடைசி. டித்வாவுக்கு முந்திய கணக்கெடுப்பு 2024 டிசம்பர் 31ஆம் திகதிய நிலையைக் காட்டுவது. இடைப்பட்ட பதினொரு மாதத்தில் வந்தது, போனது, உடைந்தது, வேறு கிளைக்கு இரவல் போனது எதுவும் அதில் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் கள்ளன் ஒளிந்துகொள்கிறான். நேர்மையானவர் மாட்டுப்படுவதும் அதே இடைவெளிக்குள்தான். தென்மேற்கில் 2016, 2017 வெள்ளங்கள் மே மாதம் வந்தன. அங்கே கணக்கெடுப்பின் மை காயும் முன்னமே தண்ணீர். அவர்களுக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு உறைத்திருக்காது.

என் கோரிக்கை இதுதான். வடகீழ்ப் பருவமழையில் மூழ்கக்கூடிய மாவட்டங்களின் அலுவலகங்களில், செப்டெம்பரில் ஒரு எளிய கணக்கெடுப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். சபை, படிவம், மும்மடிப் பிரதி ஒன்றும் தேவையில்லை. ஒவ்வொரு அறையையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, பொருட்பட்டியல் புத்தகத்தின் பக்கங்களையும் படம் பிடித்து, திகதியோடு மாவட்டச் செயலகத்துக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டால் போதும். ஒரு பின்னேர வேலை. அதோடு தரைமட்டத்தில் இருக்கக் கூடாத பொருள் எது, எங்கே தூக்கி வைப்பது என்றும் அன்றைக்கே எழுதிவிடலாம். அப்புறம் வெள்ளம் வந்தால் விசாரணைக் குழுவுக்குக் கேட்க நல்ல கேள்விகள் இருக்கும்: செப்டெம்பர் படத்தில் இந்தப் பொருள் இருக்கிறதா? எச்சரிக்கை எப்போது வந்தது? தூக்கி வைக்க நேரமும் ஆளும் இருந்தனவா? இருந்தும் வைக்கவில்லை என்றால் 102 தாராளமாகப் பாயட்டும். இல்லையென்றால் அந்த அலுவலகத்தின் இழப்பு முழுவதும் ஒரே அறிக்கை, ஒரே பதிவழிப்பு அனுமதி.

பாவிக்க ஏலாதவற்றை அகற்றுவதிலும் இதையே செய்யலாம். படம் எடுத்து, இரண்டு வெவ்வேறு திணைக்கள உத்தியோகத்தர்கள் கையெழுத்திட்டால், சுகாதாரக் கேடான பொருளை அன்றைக்கே அகற்ற அனுமதி இருக்க வேண்டும். ஏலத்தில் விலைபோகக்கூடிய இரும்பையும் இயந்திரத்தையும் மட்டும் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அடுத்து காகிதம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, காரணம் இழப்பு அறிக்கையில் பெறுமதிக்கு ஒரு நிரல் இருக்கிறது, அதில் ரூபா எழுத வேண்டும். நனைந்த கோவைக்கு ரூபா என்ன? எழுத வழியில்லாததால் எழுதுவதே இல்லை. கதிரைக்கு விசாரணை நடக்கும். காணி அனுமதிப்பத்திரப் பேரேடு கரைந்துபோனது இழப்புப் பதிவேட்டில் ஒரு வரியாகக்கூட ஏறாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு ஏழைக் கமக்காரனுக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரத்துக்கு ஆதாரம் இரண்டு: அவன் வீட்டுப் பெட்டிக்குள் உள்ள தாள் ஒன்று, பிரதேச செயலகப் பேரேட்டில் உள்ள வரி ஒன்று. ஒரே வெள்ளத்தில் இரண்டும் போனால், பத்து வருடம் கழித்து அவன் பிள்ளைகள் காணிக் கச்சேரியில் வெறுங்கையோடு நிற்பார்கள்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டப்படி அரச பதிவேடுகளை நினைத்தபாட்டுக்கு அழிக்க முடியாது. சேறு பிடித்தது என்று அள்ளிக் குப்பை உழவு இயந்திரத்தில் ஏற்றுவதும் அழிப்புத்தான். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் புதிய பதிவுகளைக் குறைந்தது 12 வருடம் பேணச் சொல்கிறது. மூல ஆவணம் அழிந்துபோனால் இரண்டாந்தரச் சான்றை ஏற்கலாம் என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. ஆனால் மூலம் அழிந்தது என்பதை முதலில் காட்ட வேண்டும். அதை எதை வைத்துக் காட்டுவது? வெள்ளம் வடிந்த வாரத்தில், இன்ன இலக்கம் தொடங்கி இன்ன இலக்கம் வரையான கோவைகள் போயின என்று அலுவலகத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு தாளை விட நல்ல சான்று கிடைக்காது. ஆகவே 104 அறிக்கையில் பதிவேடுகளுக்கென்று பெறுமதி கேட்காத ஒரு தனிப் பகுதி வேண்டும். அந்தப் பட்டியல் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் தொங்க வேண்டும், பாதிக்கப்பட்டவன் தன்னிடம் உள்ள பிரதியைக் கொண்டுவந்து கொடுக்கட்டும்.

நனைந்த கோவையைக் காப்பாற்ற முடியாது என்பதும் பொய். 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், அதுதான் கெடு. வெயிலில் பரப்பினால் தாள் சுருண்டு முறியும். ஒட்டிய பக்கங்களைக் கையால் பிரித்தால் மை போய்விடும். நிழலிலும் காற்றிலும் காயவிட வேண்டும். கட்டுகள் அதிகமென்றால் பொலித்தீனில் சுற்றி உறையவைத்துவிட்டு, பிறகு ஆறுதலாக எடுத்து உலர்த்தலாம். கரையோர ஊர்களில் மீனுக்கு உறைகுளிர் அறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காணிப் பேரேட்டை மீனோடு வைப்பதா என்று சிரிப்பீர்கள். கேட்டால் இடம் கொடுப்பார்கள் ஐயா, எங்கள் ஆட்கள். அதற்கு வாடகை கொடுக்க எந்தச் செலவுத் தலைப்பில் காசு எடுப்பது என்று தெரியாமல்தான் ஒரு பேரேடு அழிகிறது.

வாகனங்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. வெள்ளத்தின்போது நோயாளியையோ பிரசவத்துக்குப் போகும் பெண்ணையோ ஏற்றிக்கொண்டு, மேலதிகாரி சொன்னதன் பேரில் சாரதி தண்ணீருக்குள் வண்டியை இறக்குகிறார். எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடுகிறது. மறுமாதம் 104 விசாரணையில் முதல் ஆளாக நிற்பவர் அந்தச் சாரதி. வாய்மொழியாகக் கட்டளையிட்டவர் மீட்புப் பணிக்காக நற்சான்றிதழ் வாங்கியிருப்பார். அனர்த்தக் காலத்தில் வாய்மொழிக் கட்டளையின் பேரில் செய்த வேலைக்கு, கட்டளையிட்ட அதிகாரி ஒரு வாரத்துக்குள் எழுத்தில் உறுதி தர வேண்டும் என்றும், தராவிட்டால் பொறுப்பு அவருக்கே என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அக்காவின் தறப்பாளுக்கும் அதே வரி உதவும்.

மாகாண சபைகளும் பிரதேச சபைகளும் தங்கள் சொந்த நிதி விதிகளின்படி நடப்பவை என்பது எனக்குத் தெரியும். அநேகமான பள்ளிக்கூடங்களும் கிராமத்து வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கையில்தான். ஆனால் நீங்கள் பிரமாணத்தைத் திருத்தினால் அவர்கள் பார்த்து எழுதுவார்கள், வழமையாக நடப்பது அதுதான். அனர்த்தத்துக்கு அனர்த்தம் ஒரு சுற்றறிக்கை விடுவது எனக்குப் போதாது. சுற்றறிக்கை அந்த வெள்ளத்தோடு முடிந்துவிடும், அடுத்த வெள்ளத்தில் புதிதாக வந்த முகாமைத்துவ உதவியாளருக்கு அது இருந்ததே தெரியாது. 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வந்தபின் பழைய பிரமாணங்களைப் புரட்டிப் பார்க்கும் வேலை எப்படியும் உங்கள் மேசைக்கு வரும். அப்போது 104க்குள்ளேயே அனர்த்தத்துக்கென்று ஓர் உட்பிரிவைச் சேர்த்துவிடுங்கள்.

அதற்குக் காலம் எடுக்கும் என்றால், செப்டெம்பர் கணக்கெடுப்பை மட்டுமாவது இந்த வருடமே தொடங்கச் சொல்லுங்கள். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், மாவட்டச் செயலாளர்களுக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர்,
மட்டக்களப்பு.

பிரதிகள்:
கணக்காய்வாளர் நாயகம்
பணிப்பாளர் நாயகம், தேசிய சுவடிகள் திணைக்களம்
மாவட்டச் செயலாளர்கள், வடக்கு, கிழக்கு மாகாணங்கள்